நமக்கில்லாத கறிவேப்பிலை

மன்னார்புரத்தில் நானும் என் கணவரும் கட்டிய வீட்டை, அவர் போன பிறகு தர்மத்துக்கு எழுதி வைத்தேன். அவருடைய கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தவள் நான். துறையூர்ப் பக்கமிருந்து நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் வராந்தாவில் துண்டை விரித்துப் படுப்பதைத் தினமும் பார்த்தேன். அவர்கள் சும்மா தங்கிக்கொள்ளத்தான் இந்த வீடு. பிள்ளை குட்டி இல்லாத எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் போதும்.

நானும் என் தம்பியும் டிரஸ்டிகள். "நிர்வாகம் பண்ணலாம், அனுபவிக்க முடியாதும்மா. வீடு இனிமே உங்களோடது இல்ல," என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். அது தன் மகனுக்கு வரும் என்று நம்பியிருந்த தம்பிக்கு முகம் செத்துவிட்டது. "சிவன் சொத்து குலநாசம். இனிமே அந்த வீட்டுக் கறிவேப்பிலைகூட நமக்கில்லக்கா," என்று பதிவு அலுவலக வாசலிலேயே குத்தினான். எனக்குப் பின்னால் இவன் அந்த வீட்டை என்ன செய்வானோ என்ற பயம் அன்றிலிருந்து என்னை அரித்தது.

போன வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், என் பழைய ஆபீஸ் தோழிகள் நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். லாட்ஜ் எதிலும் இடமில்லை. மன்னார்புரம் வீட்டில் இரண்டு அறை காலி, சாவி தம்பியிடம். போன் போட்டேன்.

"ஆஸ்பத்திரியில யாரு இருக்கா?"

"யாரும் இல்லடா. பெருமாளைச் சேவிக்க வந்திருக்காங்க."

"அப்ப முடியாதுக்கா."

"எழுதி வச்சதே நான்தானேடா!"

"எழுதுன அன்னிக்கே உன் கையை விட்டுப் போயிடுச்சு. திடீர்னு நோயாளியோட யாராவது வந்து நின்னா, நான் என்ன சொல்றது?"

எனக்கு வந்த கோபம்! "பெரிய அரிச்சந்திரன் இவரு!" என்று போனை வைத்தேன். ஐந்து பேரும் என் ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம்.

மறுநாள் சேவித்துவிட்டு வந்தபோது, தம்பி வாசலில் நின்றான். விரதக்காரர்களுக்கு ரவா உப்புமா கிண்ட இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் வாங்கி வந்திருந்தான். பையில் வாடிய கறிவேப்பிலைக் கட்டு ஒன்று.

"இதைப் போய் யாராவது கடையில வாங்குவாங்களா? அங்கதான் மரம் நிறைய இருக்கே?"

"அது தர்மச் சொத்துக்கா," என்றான். முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இனி நான் போனாலும் அந்த வீடு நிற்கும். உடனே போவதாக உத்தேசமில்லை, உப்புமா கிண்ட வேண்டியிருந்தது.