எதிரில் போட்ட இலை

கனகா கே.கே. நகரில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தனியாக வரும் பெண்ணைப் பழங்காநத்தம் மெஸ்ஸில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். அதனால் ஞாயிறுதோறும் அவர், "ரெண்டு பேரு" என்று பொய் சொல்லி ஜன்னலோர மேசையைப் பிடிப்பார். எதிரிலும் ஓர் இலை போடுவார்கள். அது காலியாகவே கிடக்கும்.

போன ஞாயிறு நல்ல கூட்டம். அவர் வயதுப் பெண் ஒருவர் எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க்கா, இங்கன உக்காந்துக்கிறவா? தனியா தின்னா எனக்கு எறங்காது."

புது சர்வர் குறுக்கே வந்தார். "அதுக்கு ஆளு இருக்குக்கா. மேடம், ஒங்க ஆளு வாராகள்ல?"

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் பொய் வெளியே வந்துவிடும்.

"வந்துக்கிட்டே இருக்காக" என்றார் கனகா.

அந்தப் பெண் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கனகா சோற்றில் மட்டன் சுக்காவைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போனபோது அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா, ஆளு வரலயா?"

"பஸ்ஸு கெடைக்கலயாம்."

"அடுத்த வாரமாச்சும் கூட்டிட்டு வாங்க."