நன்றியுரையில் ஒரு பெயர்

தொண்ணூறுகளில், ராணுவ ஆட்சியிலிருந்து ஜனநாயகத்துக்கு மாறிய ஒரு நாட்டின் வெளியுறவைப் பற்றி பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். அந்நாட்டுத் தூதரகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் காக்ஸ் டவுனில் இருந்தார். கேட்டதையெல்லாம் சொன்னவர், "பேர் மட்டும் போடாதம்மா, தம்பி அங்கதான் இருக்கான்" என்றார்.

ஆய்வேட்டுக்குள் எங்கும் போடவில்லை. ஆனால் உதவியவர்களுக்கு வழக்கமாக நன்றி சொல்லும் முதல் பக்கத்தில், நன்றி மறக்கக்கூடாதென்று அவர் பெயரை எழுதிவிட்டேன். ஒரு பிரதி அந்நாட்டு நூலகத்துக்கும் போனது.

பட்டம் கிடைத்ததும் ஸ்வீட் பாக்ஸோடு போனேன்.

"தம்பிய புடிச்சிட்டுப் போய்ட்டாங்கம்மா. உன் புக்கக் காட்டித்தான் கேட்டாங்களாம்."

"அங்கதான் ஜனநாயகம் வந்துடுச்சே, அங்கிள்?"

"அதெல்லாம் நீ உள்ள எழுதியிருக்க. அவங்க முதல் பக்கத்தோட நிறுத்திட்டாங்க."

என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று நான் போட்டுக்கொள்வதில்லை.