ஏத்தம் ஏறிய கெப்

நேற்று நுவரெலியா சந்தையில் ஒரு கட்டு லீக்ஸ் வாங்கினேன். காசு கொடுத்து. ஈர மண் வாசமும் லொறிப் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் பசி வரவில்லை, கோபம்தான் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த சரிவில் நானும் என் மனைவி சரோஜாவும் அவள் தம்பி ராஜுவும் லீக்ஸ் போட்ட காலம் ஒன்று இருந்தது. சந்தை லொறிக்காரன் வந்து சொன்னதுதான் விலை. பேரம் பேசினால் போய்விடுவான். பிறகு லீக்ஸ் லயத்து வாசலிலேயே அழுகும். அந்த நாற்றத்தில் சோறு இறங்காது.

சொந்த வண்டி இருந்தால் நாமே சந்தைக்குக் கொண்டு போகலாம் என்று ராஜுதான் ஆரம்பித்தான். பூண்டுலோயாவில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் தன் பழைய கெப்பை விற்கப் போவதாகக் கேள்வி. பின்பக்கம் திறந்த சின்ன வண்டி. எங்களிடம் இருந்தது சீட்டுக்காசும் சரோஜாவின் சங்கிலியும் தோடும்தான். எல்லாவற்றையும் போட்டால் வண்டி வரும், டீசல் வராது. அடுப்படியில் தினமும் இதே சண்டை.

"ஏத்தம் ஏறலன்னா என் நகைய தொடாதீங்க," என்றாள் சரோஜா.

அதனால் பரீட்சை வைத்தோம்: பாரத்தோடு தேயிலை பெக்டரி மேட்டில் ஏற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா கெப்பைக் கொண்டு வந்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்தவன் மாதிரி டயரை உதைத்துப் பார்த்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரும், மூட்டைகளுக்குப் பதிலாக லயத்துச் சனத்தைப் பின்னால் ஏற்றினோம்.

"என்னைய ஓரமா வைக்காதடா ராஜு. தேயிலைக்குள்ள விழுந்தா கொழுந்தோட சேத்து நிறுத்துப்புடுவாங்க," என்றாள் பக்கத்துக் காம்பரா முனியம்மா.

"ஏறாட்டி சல்லி வேணாம் தம்பி," என்றார் நானா.

ஏறியது. பெக்டரி வளைவில் ஒரு தடவை இருமிவிட்டு ஏறியது. சனம் விசிலடித்தது. மேலே தோட்டத்தை நிர்வகிக்கும் துரை நின்றிருந்தார்.

"இது யார்ட வண்டி?"

"நாங்க வாங்கலாம்னு இருக்கோமுங்க தொர."

"வாங்கு. ஆனா தோட்ட ரோட்டில ஓட ஏலாது. ராவைக்கு லயத்தில நிக்கவும் ஏலாது. தேயிலைக்குப் போடுற ஒரம் களவு போகும்."

"நாங்க லீக்ஸ்தானுங்க ஏத்துவோம்," என்றான் ராஜு.

"இன்னைக்கு லீக்ஸ்," என்றார் துரை.

அந்த ரோட்டை வெட்டியதும் கல் உடைத்துப் போட்டதும் எங்கள் ஆட்கள். சரோஜா அதைச் சொல்லி முடிப்பதற்குள் துரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வண்டியை டவுனில் நிறுத்திவிட்டு, லீக்ஸைத் தலையில் சுமந்து போய் அதில் ஏற்றுவதென்றால் வண்டி எதற்கு? வேண்டாம் என்றோம். நானா பால் இல்லாத பிளேன்டியைக் குடித்துவிட்டு வண்டியோடு போனார். சரோஜா கைலேஞ்சித் துணியில் முடிந்து வைத்திருந்த தோட்டைக் கண்ணாடி பார்க்காமலே மாட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் ராஜு கொழும்புக்குப் போய்விட்டான், ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரனின் லொறியை ஓட்ட. தேயிலை வைக்கப் போகிறோம் என்று எங்கள் சரிவையும் தோட்டம் பிடுங்கிக்கொண்டது. வைக்கவில்லை. மானாப்புல் நிற்கிறது. துரை பங்களா இப்போது ஹோட்டல். எவன் வண்டியும் எந்நேரமும் அந்த ரோட்டில் போகலாம்.

தீபாவளிக்கு வந்த ராஜுவிடம், "இப்ப வாங்குவமா மச்சான்? தடுக்க ஒருத்தனும் இல்ல," என்றேன்.

"வாங்கி எத ஏத்துறது?" என்றான்.

அந்தத் துரையும் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். முகத்துக்கு நேரே நின்று திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.