சிவப்பு அடுப்புக்கு அஞ்சு மார்க்

எனக்கு அக்கா தங்கை கிடையாது. என்னைப் பார்க்க யாரும் வருவதற்கு இன்னும் பதினைந்து வருஷம் இருந்தது. அதனால் எங்கள் வீடு பெண் பார்க்கும் படலத்தைக் கண்டதில்லை. அந்தக் குறை இருக்க வேண்டாம் என்றுதானோ என்னவோ, நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் மூன்று அடுப்புகள் வந்தன. ஒவ்வொன்றையும் நடுவில் உட்காரவைத்து ஆண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒன்று குள்ளம் என்றார்கள், ஒன்றுக்கு மூச்சு சரியில்லை என்றார்கள், ஒன்று லட்சணமாக இருக்கிறது என்றார்கள். அதோடு காலம் தள்ளப் போகிற அம்மாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த வகையிலும் அது முறைப்படி நடந்த பெண் பார்க்கும் படலம்தான்.

நாங்கள் இருந்தது ஆம்பூரில், ஷூ கம்பெனிகளுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில். அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடுகிற டேனரியை மூடிய பிறகு, அம்மா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மெஸ் ஆரம்பித்தாள். கம்பெனியில் தைக்கிற பெண்கள் அறுபது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. அம்மா சமைப்பாள், அப்பா வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் மூன்று பேர் வயிறும் அந்த அறுபது பேர் பசியை நம்பித்தான் இருந்தது. எரிப்பதற்கு வேலிகாத்தான் முள்மரத்து விறகு. எங்கள் பக்கத்தில் அது கேட்காமலே வளரும். எரியும்போது கேட்காமலே புகையும் தரும்.

கொட்டகையின் ஒரு பக்கச் சுவரில், உச்சியில், கண் கண்ணாக ஓட்டை வைத்த சிமென்ட் ஜாலி ஒன்று இருந்தது. புகை அதன் வழியாகப் பக்கத்துக் காலி மனைக்குப் போய்விடும். மனை காலியாக இருந்தவரை எந்தத் தகராறும் இல்லை. பிறகு அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரி கட்டினார்கள். மூச்சு வாங்கும் குழந்தைகளுக்கு முகத்தில் மூடி மாட்டி மருந்துக் காற்று கொடுக்கும் அறை, அளந்து வைத்தது போல எங்கள் ஜாலிக்கு நேர் எதிரே வந்தது.

டாக்டரம்மா சண்டைக்காரர் இல்லை. அவரே ஒருநாள் நேரில் வந்து அம்மாவிடம், "உங்க தொழிலைக் கெடுக்கணும்னு இல்லம்மா. இழுப்பு வந்த கொழந்தைங்க படுக்குற எடம்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஒருவர் காகிதத்தோடு வந்தார். ஆஸ்பத்திரியைச் சுற்றிப் புகை கூடாது. ஒரு மாதத்துக்குள் கேஸுக்கு மாற வேண்டும், அல்லது புகையாத அடுப்பு வைத்துக் காட்ட வேண்டும். இரண்டும் ஆகாவிட்டால் மெஸ்ஸை மூட வேண்டும். ஓட்டல்களுக்குத் தருகிற சிலிண்டர் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நெருப்பில்லாமல் புகையாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். புகையாத நெருப்பு எங்கே விற்கும் என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். எதையும் பாஸ், ரிஜெக்ட் என்று இரண்டாகப் பிரிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. தோலில் ஏற்றிய சாயம் கையில் ஒட்டுமா என்று பார்க்க, வெள்ளைத் துணியால் தேய்ப்பார்களாம். துணியில் ஏறிய கறையைச் சாம்பல் நிறக் கட்டங்கள் போட்ட ஓர் அட்டையோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்களாம். கறையே இல்லாவிட்டால் ஐந்து. நான்குக்குக் கீழே போனால் ரிஜெக்ட். அந்தத் துணியில் ஒரு கட்டும் ஓரம் நைந்த பழைய அட்டை ஒன்றும் கொண்டுவந்தார். ஜாலிக்கு வெளியே, ஆஸ்பத்திரிப் பக்கம் துணியைக் கட்ட வேண்டியது, ஓர் உலை சோறு வேகும்வரை விட வேண்டியது, அப்புறம் மார்க். துணியில் தேதி எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் வாங்குகிற மார்க்கைவிட அடுப்பு வாங்கப் போகிற மார்க் எனக்குப் பெரிதாக இருந்தது. ஒரு சாயங்காலம் அப்பாவும் மாமாவும் டீ குடித்துக்கொண்டே பேசியதைக் கேட்டுவிட்டேன். மெஸ்ஸை மூடினால் அம்மா ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போவாள், அப்பா சென்னையில் டிரைவர் வேலை தேடுவார். "பாப்பாவ சோளிங்கர்ல வுட்டுடலாம்" என்றார் அப்பா. சோளிங்கரில் பெரியம்மா இருந்தார். மிக நல்லவர். நரசிம்மர் மலையைப் பார்த்துக் கும்பிடாமல் காப்பி குடிக்க மாட்டார். அவர் வீட்டில் முட்டை கிடையாது, டி.வி. கிடையாது, அம்மாவும் கிடையாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேலூர்க் கடையிலிருந்து விசிறி அடுப்பு வந்தது. டிரம் மாதிரி உடம்பு, அடியில் பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி. சாண் நீளக் குச்சிகளாக ஒடித்து மேலிருந்து போட்டால், அந்தக் காற்றில் கேஸ் போல நின்று எரிந்தது. துணிக்கு நான்கு மார்க். ஆனால் எங்கள் பெரிய அண்டா அதன் தலையில் உட்காரமாட்டேன் என்று ஆடியது. இரண்டு அடுப்பு வாங்கி இரண்டு சின்னப் பாத்திரத்தில் வடிக்கலாமே என்று மாமா யோசனை சொன்னார். "யாரு உக்காந்து குச்சி ஒடைக்கிறது? பேஜாரு" என்றார் அப்பா. அரிசி களைந்த கையோடு நின்ற அம்மா, "கண்ணு எரியல" என்றாள். துணி, அட்டை, அண்டா என்று ஓடிக்கொண்டிருந்த பேச்சில் அது யார் காதிலும் விழவில்லை. கண்ணுக்கு மார்க் போடும் அட்டை மாமாவிடம் இல்லை.

இரண்டாவது, சிமென்டில் கட்டிப் புகைக்குழாய் வைத்த அடுப்பு. குழாய் கூரைக்கு மேலே ஏறினால்தான் புகை எழும்பிப் போகும். கூரையில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கொத்தனார் குழாயை வளைத்து ஜாலி வழியாக வெளியே விட்டார். புகை நேரே போய்த் துணியின் முகத்தில் ஊதியது. இரண்டு மார்க். கொத்தனார் காற்று சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று அம்மா முணுமுணுத்தாள். அந்த ஞாயிறுகளில் வெந்த சோற்றையெல்லாம் தெருவுக்குத்தான் கொடுத்தோம். தெருவே தட்டோடு வந்து அடுப்பின் நலம் விசாரித்தது.

மூன்றாவதுதான் சிவப்பு அடுப்பு. வாணியம்பாடியில் ஒரு பாய் தன் பட்டறையில் செய்தது. இரட்டைத் தகடு, நடுவில் சாம்பல் அடைப்பு, பக்கவாட்டில் வாய். விறகை ஒடிக்காமல் அப்படியே சொருகலாம். அண்டா அதன்மேல் ஊருக்கே ராணி போல உட்கார்ந்தது. "காஞ்ச வெறகா போடுங்க. வாய் நெறைய அடைக்காதீங்க. பொகை கம்மியாத்தான் வரும்" என்று பாய் சொல்லிக் கொடுத்தார். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் துணியை அவிழ்த்து அட்டையோடு வைத்த மாமா உதட்டைப் பிதுக்கினார். மூன்று. அந்த வாரம் பெய்த மழையில் எங்கள் விறகு ஊறிப்போயிருந்தது. செவ்வாய்க்கிழமை நகராட்சிக்காரர் பார்க்க வருகிறார். விறகைக் காயவைக்கவும் நாள் இல்லை, வேறு அடுப்பு தேடவும் நாள் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா காய்கறி வாங்கப் போனாள். நான் கொட்டகைக்குள் போனேன். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இரண்டு பொருள் இருக்கும்: கம்பெனியில் வெட்டி மீந்த தோல் துண்டுகள், ஷூ ஒட்டுகிற சொல்யூஷன். செருப்பு அறுந்தாலும் பள்ளிப் பை பிரிந்தாலும் பிளாஸ்டிக் குடம் விரிந்தாலும் அந்த இரண்டும்தான் வைத்தியம். எனக்கும் வேறு வைத்தியம் தெரியாது. அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன். கறுப்புத் தோல் துண்டுகளில் சொல்யூஷன் தடவி, பெரியவர்கள் செய்வது போலக் கொஞ்சம் காயவிட்டு, ஜாலியின் ஒவ்வொரு கண்ணையும் உள்பக்கமாக மூடி அழுத்தினேன். புகை பிடித்துக் கறுத்த சுவரில் கறுப்புத் தோல் இருப்பதே தெரியவில்லை.

மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். நகராட்சிக்காரர், டாக்டரம்மா, அப்பா, மாமா எல்லாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் நின்று துணியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கொட்டகைக்குள் வரவில்லை. அடுப்பைப் பார்க்க வந்தவர்களுக்கு அடுப்படியில் என்ன வேலை. சோறு வடித்து, அம்மா நெருப்பை அணைத்த பிறகு மாமா துணியை இறக்கினார். கட்டினபோது இருந்த அதே வெள்ளை. "அஞ்சு" என்றார். அதை அவராலேயே நம்ப முடியவில்லை.

நகராட்சிக்காரர் எங்கள் வாசல் பக்கம் வந்து, "இன்னாம்மா, உள்ள எப்டி இருக்குது?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கண்கள் கோவைப்பழமாக இருந்தன.

"பொகையே இல்லீங்க" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜாலியை மூடினால் புகை வெளியே போகாது என்பதுவரை எனக்குப் புரிந்திருந்தது. வெளியே போகாத புகை எங்கே இருக்கும் என்று தோன்றவே இல்லை. அம்மாவே புகை இல்லை என்று சொல்லிவிட்டாள், அப்புறம் எனக்கென்ன கவலை.

மெஸ் நடந்தது. சோளிங்கர் பேச்சு நின்றது. அம்மாவுக்கு மட்டும் இருமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பனி என்றாள், ஒருநாள் தலைக்கு ஊற்றிக்கொண்டது சேரவில்லை என்றாள். நான் அவ்வப்போது கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டுகூட விழவில்லை. என் ஒட்டுவேலையை நினைத்துப் பெருமைகூடப் பட்டேன், கேடுகெட்டவள்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா வந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமலைக் கேட்டே வந்திருந்தார். நாளெல்லாம் இருமலைக் கேட்கிற காது, அம்மா சொன்ன பனியை அது நம்பவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்த கொட்டகைக்குள் நேரே நுழைந்தவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, அப்பாவிடம் டார்ச் வாங்கிக்கொண்டு மறுபடி போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கறுப்புத் தோல் துண்டு இருந்தது. "இது யார் வேலை?" என்று கேட்டார்.

அன்றைக்கு மாமாவும் இருந்தார். துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, "சொல்யூஷன் சூட்டுக்கு நிக்காதே. இது எப்டி நின்னுச்சு?" என்றார். அந்த நேரத்திலும் அவருக்குக் குவாலிட்டிதான் கவலை. வாயைத் திறக்கலாமா என்று நினைப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நான்தான் ஒட்டுனேன்" என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. இப்படி அடைத்துக்கொண்டு எரித்தால் ஒருநாள் உள்ளேயே சுருண்டு விழுந்திருப்பீர்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு அம்மாவின் மூக்குக்கு நேரே கையை நீட்டி, மாமாவிடம், "துணிய இங்க கட்டிருக்கணும் தம்பி" என்றார். மாமா, தன்னையே ரிஜெக்ட் பண்ணிவிட்டது போல நின்றார்.

நகராட்சிக்காரரிடம் டாக்டரம்மாவே பேசி இன்னும் கொஞ்ச நாள் தவணை வாங்கிக் கொடுத்தார். ஜாலியைத் திறந்தோம். சிவப்பு அடுப்பைப் பாய் திருப்பி எடுத்துக்கொண்டார். விசிறி அடுப்புகள் இரண்டு வந்தன. இந்த முறை வெளியே ஒரு துணி, அம்மா நிற்கிற இடத்தில் ஒரு துணி. இரண்டும் நான்கு வாங்கின. தினமும் காலையில் அரிவாளோடு உட்கார்ந்து குச்சி ஒடிப்பது அப்பாவின் வேலை ஆயிற்று. பேஜாரு, பேஜாரு என்று சொல்லிக்கொண்டே மலை மாதிரி ஒடித்துக் குவித்தார். அம்மாவின் இருமல் அடங்கப் பல மாதம் ஆயிற்று. அத்தனை மாதமும் அவள் இருமுகிறபோதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அம்மா பழியை ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். வளர்ந்த பிறகும் அதையேதான் நினைத்தேன். எனக்காகச் சொன்ன பொய் என்று அதைச் சாமி படம் போல மனசில் மாட்டி வைத்திருந்தேன். முதலில் ஒட்டியது நான்தான் என்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் போன வருஷம்தான் வந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"தெரியும்" என்றாள். "சொல்யூஷன் டப்பாவ அங்கயே வுட்டுட்டுப் போய்ட்டியே. அன்னிக்கு ஒல கொதிக்கிறதுக்குள்ள சூட்டுல இளகி ஒரு துண்டு என் கால்கிட்ட வுழுந்துச்சு. வெளிய எல்லாரும் துணியப் பாத்துக்கினு நிக்கிறாங்க."

"அப்புறம்?"

"திருப்பி ஒட்டுனேன். தெனம் ரெண்டு வுழும், தெனம் ஒட்டுவேன்." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "சோளிங்கர் பேச்ச நீ மட்டுமா கேட்ட?"

பிரிந்து இருக்க முடியாதவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று, ஒன்பது வயதில், எண்ணிக்கொண்டிருந்தேன்.