டிராக்டரின் மூக்கைக் கட்டியவன்

எங்கள் வீட்டு டிராக்டர் அப்பா வாங்கியது. அவர் போன பிறகு ஆறு வருஷம் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சும்மா நின்றது. சீட்டில் கோழி அடைகாத்தது. டிராக்டரில் பொரித்த குஞ்சுகளுக்குத்தான் ஊரிலேயே திமிர் அதிகம் என்று நான் சொல்லிச் சிரித்துத் திரிந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடி மாதம், அதே இரும்பின் காலில் விழவேண்டி வந்தது.

ஊர் மாடுகளுக்கெல்லாம் கோமாரி. எங்கள் உழவுமாட்டு ஜோடியும் வாயில் நுரை தள்ளிப் படுத்துவிட்டது. இரவல் கேட்கவும் வழியில்லை. வீட்டிலோ விதைக்கடலையை உடைத்து மூட்டை கட்டியாயிற்று. உடைத்த பருப்பு நெடுநாள் தாங்காது. மழை விழுந்த ஈரத்தில் உழுது விதைத்தால் உண்டு. எங்கள் செம்மண் மூன்று வெயில் கண்டால் திரும்பக் கல்லாகிவிடும்.

"டிராக்டரைக் கிளப்பப் போறேன்," என்றேன்.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "மாப்ளே, ஒங்க சைக்கிளுக்குக் காத்தடிக்கவே ரெண்டு ஆளு வேணும்."

உண்மைதான். ஆனாலும் விடவில்லை. பிளக் ஓட்டை வழியே மண்ணெண்ணெய் ஊற்றி, இறுகிப்போன பிஸ்டனை நாலு நாள் ஊறவைத்தேன். டேங்கைக் கழற்றி, கூழாங்கல் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். புகைக்குழாயிலிருந்து ஒரு எலிக் குடும்பத்தைக் காலிசெய்ய வைத்தேன். பொறி தருகிற மேக்னெட்டோவைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துப் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் பழுதுபார்க்கக் கொண்டுபோனேன். பக்கத்து சீட்டு அம்மா, "பிள்ளைக்கு என்னங்க செய்யுது?" என்று கேட்டார். "ஆறு வருஷமா அசைவில்லைங்க," என்றேன். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

வியாழக்கிழமை மழை கொட்டியது. வெள்ளி காலை பாதி ஊர் எங்கள் புஞ்சை வரப்பில். திருஷ்டியெல்லாம் கட்டுக்கதை என்று டீக்கடையில் பேசுகிற ஆள் நான். அந்த நான், யாரும் பார்க்காத சமயம் பார்த்து, எலுமிச்சையும் மிளகாயும் வைத்து முடிந்த மஞ்சள் துணியை, எஞ்சின் மேல் நிமிர்ந்து நின்ற இன்னொரு குழாயின் தலையில் இறுக்கிக் கட்டினேன்.

முன்னால் ஹேண்டிலை மாட்டிச் சுற்றியதில், மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கோழிகள் கூரைக்குப் பறந்தன. புஞ்சையில் கலப்பையை இறக்கிப் பத்தடி போயிருப்பேன். கறுப்புப் புகை, ரெண்டு இருமல், நின்றுவிட்டது.

"அடடா, வண்டிக்கும் கோமாரி!" என்றார் மச்சான். வரப்பே சிரித்தது.

பிளக்கைக் கழற்றினேன், மாட்டினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். கிளம்பும், சூடேறியதும் புகைந்து நிற்கும். வெள்ளி வெயில் போயிற்று. சனி வெயிலும் பாதி போயிற்று. காலால் மண்ணைக் கீறிப் பார்த்தேன். மேல்மண் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஸ்பேனர் மூன்று முறை என் கால்மேலேயே விழுந்தது.

மதியம் கஞ்சித் தூக்கோடு வந்த மனைவி வண்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் குழாய் எதுக்கு?"

"எஞ்சின் காத்து இழுக்க," என்று எரிச்சலோடு சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே என் காதில் அது விழுந்துவிட்டது.

"மூக்கைக் கட்டிப்புட்டு ஓடு ஓடுன்னா, அது எப்படிங்க ஓடும்?"

துணியை அவிழ்த்தேன். ஹேண்டிலை ஒரே சுற்று. புகை வெளுத்தது, சத்தம் சீரானது. அதற்குப் பிறகு நான் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. என் பின்னால் மனைவியும் நாலைந்து பெண்களும் உழுத சாலில் கடலை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஞாயிறு பொழுது சாயும்போது மனைவி கடைசி மூட்டையை உதறிக் காட்டினாள். கடைசிச் சாலிலும் மண் கையில் ஒட்டியது.

மச்சான் வரப்போரம் வந்து நின்றார். "மாப்ளே, நாளைக்கு அங்கிட்டு நம்ம புஞ்சையிலயும் ஒரு ஓட்டு ஓட்டிருங்க." பிறகு கண்ணைச் சுருக்கினார். "அதென்ன இடுப்புல, மஞ்சத்துணி?"

"வண்டிக்கு வேண்டாமாம் மச்சான். ஓட்டுறவனுக்குத்தான் தேவைப்படுது."