சாப்பாட்டு வரிசையில் கேட்ட சத்தம்

லண்டன் வெம்பிளியில் அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். அந்தத் தெருவின் முடிவில் உள்ள பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். அக்காவின் மகளும் அங்கேதான் படிக்கிறாள். வீடு, வேலை, சொந்தம் எல்லாம் ஒரே தெருவில். எவ்வளவு வசதி என்று ஒருகாலத்தில் பெருமைப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன இலையுதிர்காலத்தில் எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். பள்ளிக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் யூத வெறுப்பைக் கண்டும் காணாமல் விடக்கூடாது என்று சட்டம் இறுகி வருகிறதாம். எங்கள் பள்ளிக்கூடத்திலும் புது விதி. ஆசிரியர்கள் மட்டுமல்ல, சமையலறையில் நிற்பவர்களும் கண்டதையும் கேட்டதையும் உடனே சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு மசிக்கிறவளுக்கு என்ன சட்டம் என்று பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாடம் எடுத்த பெண் சொன்னாள், சில பிள்ளைகள் யூதப் பிள்ளைகளைக் கண்டால் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறுவார்கள் என்று. இரண்டாம் உலகப் போரில் அந்தச் சனத்தை அடைத்துவைத்து நச்சுவாயு விட்டுக் கொன்றார்களே, அந்த வாயு திறக்கும் சத்தமாம் அது.

என் கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தைச் சில நாளுக்கு முன் சாப்பாட்டு வரிசையில் நான் கேட்டிருந்தேன். கழுத்தில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கும் சின்னச் சங்கிலி போட்ட ஒரு பிள்ளை வரிசையில் நின்றவள், சத்தம் கேட்டதும் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். பிறகு சாப்பிட வரவேயில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் நின்று சீறியது என் பெறாமகள், அக்காவின் மகள்.

எனக்கு வேறொரு சத்தம் ஞாபகம் வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளை எரித்த கலவரம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது, பக்கத்து வகுப்புச் சிங்களப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் வந்து என் காதடியில் நெருப்புப்பெட்டியைக் கிலுக்குவாள். வேறொன்றும் செய்யமாட்டாள். எங்கள் வீடு எரிந்தது அவளுக்குத் தெரியும். வாசலில் நிற்கும் ரீச்சருக்கும் அது கேட்கும். அவர் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். நான் மலசலகூடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு சாப்பிடப் பழகினேன்.

அன்று பின்னேரம் சமையலறையில் பெறாமகளைக் கேட்டேன். "ஏனடி அப்பிடிச் செய்தனி?"

"சும்மா பகிடிக்குத்தான் சித்தி. எல்லாரும் செய்யினம். சீரியஸா எடுக்காதேங்கோ."

கெட்ட பிள்ளையாக இருந்தால் நாலு பேச்சுப் பேசியிருப்பேன். எனக்குத் தலையிடி என்றால் கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவருகிறவள் இவள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அக்கா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். "அவள் அந்தப் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேப்பாள். வீட்டோடை முடிப்பம். நீ வாயைத் திறந்தியெண்டா அவளுக்கு மேல்வகுப்பிலை, சிக்ஸ்த் ஃபோர்மிலை, இடம் கிடையாது."

"கேட்டிட்டுச் சொல்லாமல் இருக்க ஏலாது அக்கா."

"அப்ப என்ர பிள்ளையைக் காட்டிக்குடுக்கப் போறியோ? என்ர வீட்டிலை இருந்துகொண்டு?"

காட்டிக்கொடுப்பது. எங்கள் சனத்துக்கு அதைவிடக் கேவலமான சொல் இல்லை. கொலைகாரனோடுகூடச் சம்பந்தம் செய்வோம், காட்டிக்கொடுத்தவன் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டோம். மாடிக்குப் போனேன், இறங்கி வந்தேன், திரும்பவும் போனேன். மேலேயும் அக்கா வீடு, கீழேயும் அக்கா வீடு.

மன்னிப்புக் கேட்டாயா என்று தினமும் கேட்டேன். "நாளைக்கு" என்றாள். நாளைகள் போய்க்கொண்டேயிருந்தன. ஒரு மதியம் குப்பை கொட்டப் பின்பக்கம் போனேன். சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் அந்த யூதப் பிள்ளை நின்றுகொண்டு சான்ட்விச் சாப்பிட்டாள். என்னைக் கண்டதும் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள். கழுத்தில் சங்கிலியைக் காணவில்லை. ஏப்ரனையும் கழற்றாமல் நேரே தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். சீறிய மாணவி உனக்குத் தெரிந்தவளா என்று கேட்டார். என் அக்கா மகள் என்றேன்.

பெறாமகளைக் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் வரவேண்டாமென்று நிற்பாட்டினார்கள். சிக்ஸ்த் ஃபோர்ம் இடத்தைப் பற்றிப் பிறகுதான் சொல்வார்களாம். அக்கா எனக்குச் சாப்பாடு மூடி வைக்கிறாள், ஆனால் முகம் பார்ப்பதில்லை. தங்கச்சிக்கு எங்காவது ரூம் இருக்கிறதா என்று எனக்குக் கேட்கும்படியாகவே ஃபோனில் ஊரெல்லாம் விசாரிக்கிறாள். என் சம்பளத்துக்கு லண்டனில் யார் ரூம் தரப்போகிறார்கள்?

நேற்றுப் பின்னேரம் பெறாமகள் அழுது வீங்கிய கண்களோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். நெருப்புப்பெட்டிக் கதையைச் சொன்னேன். உள்ளே வந்து என் கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"நெருப்புப்பெட்டி கிலுக்கின பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் போய்ச் சொல்லேல்லையா, சித்தி?"

"இல்லை."

"ஏன்?"

"அவளுக்கும் ஒரு சித்தி இருந்திருப்பா. சொல்லிப்போட்டுப் போறதுக்கு அவவுக்கு வேற வீடு இருந்திருக்காது."