கண்மாயை நீக்கிய கணக்கு

எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். யுத்த காலத்தில் மேலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு, விளைச்சலை மதிப்பிட்டு நெல் கொள்முதல் செய்ய ஓர் அதிகாரி வந்தார். மழை, எரு, கண்மாய்த் தண்ணீர் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டார். மற்ற ஊர்க் கண்மாய்களெல்லாம் நிறைந்திருந்ததால், கண்மாயால் விளைச்சலில் வித்தியாசமே தெரியவில்லை என்று அதை நீக்கிவிட்டார்.

"எங்க கண்மாய் ஒடஞ்சு கெடக்குதுங்கய்யா!" என்றேன்.

"ஒரு ஊருக்காக அதைச் சேர்த்தா கணக்கே குழம்பிடும்ப்பா." வருத்தத்தோடுதான் சொன்னார்.

பக்கத்தில் நின்ற என் மைத்துனர் சிரித்தார்: "கணக்குல வெளஞ்சிருச்சுல்ல மாப்ள, போய் அறுத்துட்டு வா!"

கணக்கில் வந்த அளவுக்கு நெல் விளையாததால், கடைசியில் விதைநெல்லையும் அளந்து கொடுத்தோம். வண்டியில் ஏற்றுமுன் என் மனைவி அதற்குச் சூடம் காட்டினாள்.

"இனி எதைங்க வெதைப்போம்?"

"மீனாட்சித் தாயே!" என்றேன்.

அந்த அதிகாரி கெட்டவரில்லை. இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், முக்கியமில்லையென்று அவருடைய வருத்தத்தை நீக்கிவிடாமல், உள்ளபடியே சொல்லுங்கள்.